கஹர்பான் எல்லைச்சுவர்

அந்த வருஷம் மழை மே மாதக் கடைசியிலேயே ஊரை விட்டுப் போய்விட்டது. எழுபத்தாறாம் வருஷம். ஜூலையில் கிணறுகள் சேறாகி, ஆகஸ்டில் சேறும் காய்ந்து வெடித்தது. மேற்குக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊரில் மழையை வேண்டிக் கேட்டு யாருக்கும் பழக்கமில்லை. ஃபாதர் பூசையில் மழைக்காக ஜெபம் சொன்னபோது ஆண்கள் பக்கத்தில் பாதிப்பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார்கள். வாழ்நாள் முழுக்க அவர்கள் நேர்மாறாகத்தான் ஜெபித்திருக்கிறார்கள்.

மலை வெளுத்துக் கிடந்தது. புல்லை விடப் பாறை அதிகமுள்ள மலை. வெயிலில் சுண்ணாம்புப் பாறை கண்ணைக் குத்தியது. மேலே மாடு ஒன்றும் இல்லை. மற்ற ஊர்களில் கோடைக்கு மாட்டை மலையேற்றுவார்கள். இங்கே அக்டோபர் கடைசியில்தான் மாடு மேலே போகும். கோடை வெயிலைப் பாறை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லுக்குக் கொடுக்கும். கீழே வயல்கள் உறைந்து கிடக்கும்போது மேலே பச்சை இருக்கும். அதனால் மலைமேய்ச்சல் உள்ளவன்தான் அந்த ஊரில் ஆள். இல்லாதவன் நவம்பரில் மாட்டை விற்றுவிட்டுக் கப்பலேறுவான்.

கோல்மன் ட்ரோனி தினமும் பதினோரு மணிக்கு மோர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மலையேறினார். அறுபத்தைந்து வயது. அந்த வெயிலிலும் கோட்டு கழற்றாமல், கழுத்துப் பட்டனைத் திறக்காமல் ஏறுவார். கேனைக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கஹர்பான் கோட்டை அவருடைய மேய்ச்சலில் இருந்தது. அவருடைய நிலத்தில் வேலை செய்பவர்கள் தாகத்தோடு இருந்தார்கள் என்று நாளைக்கு ஒருவன் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால், மாடுகள் நிறைய வைத்திருந்த எவனோ ஒரு பெரிய மனிதன் தன் குடும்பத்துக்கும் கன்றுகளுக்குமாக எழுப்பிய வட்ட மதில் அது. சாந்து கிடையாது, கல்மேல் கல். இரண்டு ஆள் உயரம், மேலே கழுதை வண்டி ஓட்டக்கூடிய அகலம். உள்ளே காஞ்சொறியும் முள்ளும் மண்டிக் கிடந்ததை டப்ளினிலிருந்து அகழாய்வுக்கு வந்த மிஸ் கின்செல்லா போன வருஷமே வெட்டி எடுத்துவிட்டிருந்தாள். இப்போது தரை முழுக்க நூல் கட்டிய சதுரங்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேர், உள்ளூர் ஆட்கள் நாலு பேர். முட்டிபோட்டு உட்கார்ந்து சின்னக் கரண்டியால் மண்ணைச் சீவி, வாளியில் போட்டு, சல்லடையில் சலித்தார்கள். எலும்பு ஊசி ஒன்று, உடைந்த திரிகைக் கல், அடுப்புக் கரி, பெட்டி பெட்டியாக மாட்டு எலும்பு. கோட்டையில் வாழ்ந்தவர்களும் மாடு தின்றுதான் பிழைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததில் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஏமாற்றம். தங்கம் வரும் என்று நினைத்திருந்தார்கள்.

உள்ளூர் ஆட்களில் ஒருவர் ஃபெஸ்டி லினேன். வயது அறுபத்தெட்டு. கையில் கரண்டி பிடித்தால் மண்ணின் நிறம் மாறுகிற இடத்தில் தானாக நின்றுவிடும் என்று மிஸ் கின்செல்லா எல்லோரிடமும் சொன்னாள். ஃபெஸ்டி, கோல்மனின் மனைவி டீலியாவின் அண்ணன். அவரும் கோல்மனும் பேசி நாற்பத்துமூன்று வருஷம் ஆகிறது. கோல்மன் மோர் ஊற்றும்போது ஃபெஸ்டியின் கோப்பையை ஒரு மாணவி வாங்கிக்கொண்டு வருவாள். கொடுப்பவரும் குடிப்பவரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள்.

"மிஸ்டர் ட்ரோனி, இந்தச் சுவரைப் பத்திக் கேக்கணும்னு நெனச்சேன்," என்றாள் மிஸ் கின்செல்லா. வெயிலில் மூக்கு உரிந்து, தலையில் ஆம்பிளைத் தொப்பி.

கோட்டையின் கிழக்குத் தோளிலிருந்து பாறைச் சரிவு விளிம்பு வரைக்கும் ஓடும் இடுப்புயரச் சுவரைத்தான் சொன்னாள்.

"அதுக்கென்ன?"

"எப்போ கட்டினது?"

"கோட்டைக்கு என்ன வயசோ அதே வயசு. எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலயும் எல்லை அதுதான்."

எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம். நாக்கு அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுடைய முகம் மாறுவதைப் பார்த்தார்.

"நிஜமாவா? கோட்டையோட சேர்த்துக் கட்டின வயல் எல்லைன்னா அது பெரிய விஷயம், மிஸ்டர் ட்ரோனி. இந்தப் பக்கத்துல அப்படி ஒண்ணைத்தான் ரெண்டு வருஷமாத் தேடுறேன். ரெண்டும் ஒட்டுற இடத்துல ஒரு கஜம் பிரிச்சுப் பாக்கலாமா? ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் போட்டு, இருந்தபடியே அடுக்கிக் கொடுத்துடுவோம்."

குழிக்குள் கரண்டி சீவுகிற சத்தம் நின்றது.

"நல்லா பிரிச்சுப் பாருங்க, மிஸ்," என்றார் ஃபெஸ்டி, மண்ணைப் பார்த்தபடியே. "கல்லை யாரும் வேதப்புத்தகத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணச் சொல்ல வேண்டாம். அதுபாட்டுக்குச் சொல்லிடும்."

மற்ற மூன்று உள்ளூர் ஆட்களும் திடீரென்று மிகவும் சுறுசுறுப்பாக மண் அள்ளினார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று கோல்மன் கேனை மூடினார். அதில் பாதி மோர் மிச்சமிருந்தது.

முப்பத்துமூன்றாம் வருஷம் மார்ச் மாதம் அந்தச் சுவர் கோர்ட்டுக்குப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் லினேன்களின் மேய்ச்சல், இந்தப் பக்கம் ட்ரோனிகளுடையது. சுவரால் ட்ரோனி பக்கம் விழுந்த நாற்பது ஏக்கர், மலையிலேயே நல்ல புல், யாருடையது என்பது வழக்கு. சுவர் அங்கே எப்போதும் இருந்தது என்று கோல்மனின் அப்பா ஆஸ்டின் ட்ரோனி வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொன்னார். அடுத்து இருபத்திரண்டு வயது கோல்மன் அதையே சொன்னான். டீலியாவின் அப்பா பார்ட்லி லினேன் மட்டும், அக்டோபரில் தான் மாடு ஓட்டிப்போனபோது அங்கே சுவரே இல்லை, இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த பதினேழு நாளில் முளைத்தது என்றார். ஃபெஸ்டி அப்போது இங்கிலாந்தில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தார். டீலியா கால்வேயில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். பார்ட்லியின் வார்த்தைக்குத் துணை வார்த்தை கிடையாது. நீதிபதி தானே மலையேறி வந்து பார்த்தார். கல்லெல்லாம் சாம்பல் பாசி பூத்துக் கிடந்தது. இது நேற்றுக் கட்டிய சுவரா என்று பார்ட்லியைப் பார்த்துக் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அன்று முதல் பார்ட்லிக்குப் பெயர் பொய்ச்சத்தியம் பார்ட்லி. சந்தையில் ஒரு கன்றின் வயதைச் சொன்னால்கூட, "சத்தியமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். இரண்டு குளிர்காலத்தில் மாடு போயிற்று. எட்டு வருஷத்தில் அவரும் போனார்.

அந்தப் பார்ட்லியின் மகள்தான் டீலியா. வழக்கு முடிந்து மூன்றாம் வருஷம் அவள் கோல்மனைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அடுப்படியில் பன்றிக்கறியும் முட்டைக்கோசும் வெந்துகொண்டிருந்தன. தண்ணீர்த் தட்டுப்பாட்டில், உருளைக்கிழங்கு கழுவிய தண்ணீரையே வாளியில் எடுத்து வைத்துக் கன்றுக்குட்டிக்குக் காட்டினாள் டீலியா. அறுபத்திரண்டு வயதிலும் வேகம் குறையாத கை.

"அந்தப் பொண்ணு சுவரைப் பிரிக்கணும்னு கேட்டாளாமே," என்றாள்.

"யார் சொன்னா?"

"ஊர்ல நாய்க்குக்கூடத் தெரியும். நீ யோசிக்கிறேன்னு சொன்னியாம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"எங்கப்பா விட்டுட்டுப் போன சுவர். கண்டவங்க கலைச்சுப் பாக்கறதுக்கு அது என்ன வைக்கோல் போரா?"

"நம்பர் போட்டுத் திருப்பி வெப்பாங்களாம். பிரிக்கட்டும், கோல்மன். ஃபெஸ்டி கண்ணு முன்னாலயே பிரிக்கட்டும்." கத்தியைக் கீழே வைத்தாள். "நாப்பது வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எங்கண்ணன் என்னைப் பாக்கற பார்வை இருக்கே, அதை நீ பாத்ததில்ல. எங்கப்பா சாகக் கிடந்தப்ப ஆள் அனுப்பினாரு. பொய்யுன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டா வர்றேன்னு சொல்லி அனுப்பினேன். அவரு ஒத்துக்கல, நான் போகல. அந்தக் கல்லுக்கு ஆயிரம் வயசுன்னு படிச்ச பொண்ணு எழுதிக் கொடுக்கட்டும். அப்புறமாவது ஃபெஸ்டி தலையைக் குனியறானான்னு பாப்போம்."

"பிரிச்சா சுவரோட கட்டு போயிடும்."

"கட்டு போனா நீ கட்டு. கை இன்னும் நல்லாத்தானே இருக்கு?"

கோல்மன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார். வேண்டாம் என்று இன்னொரு தடவை சொன்னால், ஏன் என்று கேட்பாள். அவளிடம் ஏன் என்ற கேள்வியை வரவிடாமலேதான் அவர் நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தார்.

அந்தச் சுவரை அவரும் அப்பாவும்தான் கட்டினார்கள். முப்பத்திரண்டு நவம்பர், பதினேழு நாள், மலையை மூடிய பனிமூட்டத்துக்குள். அப்பா கெட்டிக்காரர். பாறையிலிருந்து புதுக்கல் உடைத்தால் வெள்ளையாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்று, கோட்டைக்குள் இடிந்து கிடந்த பழைய கல்லைச் சுமந்து வந்து, பாசி பூத்த முகம் வெளியே தெரியும்படி திருப்பித் திருப்பி அடுக்கினார். ஆனால் கோட்டைக் கல்லை அந்த ஊரில் யாரும் தொட மாட்டார்கள். கோட்டை அவங்களுடையது, கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் வாழ்கிறவர்களுடையது. பெயர் சொல்வதில்லை, அவங்க என்றால் போதும். கோட்டைக் கல்லை எடுத்தவன் வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு சவப்பெட்டி வெளியே போகும் என்பார்கள். "அவங்களுக்கு இந்தக் கல்லு இனிமே எதுக்குடா?" என்று அப்பா சிரித்தார். கோல்மனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஜூன் மாதம் டப்ளினில் நடந்த நற்கருணை மாநாட்டுக்கு ரயிலேறிப் போய் வந்தவன் அவன். அங்கே மந்திரித்துக் கொடுத்த பதக்கம் கழுத்தில் இருந்தது. கோட்டை மதிலை ஒட்டி முதல் அடிக்கல்லைக் கடப்பாரையால் புரட்டி வைக்கிற நேரம், அப்பா அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, கயிற்றை அறுத்துப் பதக்கத்தை அடியில் தள்ளினான். கல் இறங்கியது.

அப்படியும் ஜனவரியில் அம்மாவின் பெட்டி வெளியே போயிற்று.

சனிக்கிழமை மதியத்தோடு தோண்டுகிற வேலை நின்றுவிடும். அந்தச் சனிக்கிழமை எல்லோரும் இறங்கிப் போனபின் கோல்மன் கடப்பாரையோடு மேலே போனார். ஒட்டுகிற இடத்தில் மேல்கற்களை எடுத்துக் கீழே வைத்தார். ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல், பாசி உரியாமல். மூன்றாவது வரிசைக்கு வருவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அடிக்கல் கதவு அகலம். கடப்பாரையை அடியில் கொடுத்து மார்பால் அழுத்தினார். அது அசையக்கூட இல்லை. இரண்டு பேர் வைத்த கல். வைத்தவர்களில் ஒருவர் மண்ணுக்குள் இருந்தார், மற்றவருக்கு வயதாகிவிட்டிருந்தது. சூரியன் மேற்கே கடலில் தெரியும் தீவுகளின் பக்கம் சாய்கிற வரைக்கும் முட்டிவிட்டு, எடுத்த கற்களை மறுபடி அடுக்கிவிட்டு இறங்கினார். வீட்டில் எங்கே போயிருந்தாய் என்று டீலியா கேட்டதற்கு, மேலே தண்ணீர்ச் சுனை வற்றிவிட்டதா என்று பார்த்தேன் என்றார்.

திங்கட்கிழமை சம்மதம் சொன்னார். தலை நிமிர்ந்தே சொன்னார்.

பிரிக்க மூன்று நாள் ஆயிற்று. கல்லுக்குக் கல் சுண்ணக்கட்டியால் எண் போட்டு, படம் வரைந்து, அளந்து, புகைப்படம் எடுத்து இறக்கினார்கள். மூன்றாம் நாள் புதன்கிழமை. அன்று டீலியாவும் மலையேறி வந்திருந்தாள். வெண்ணெய் தடவிய ரொட்டி ஒரு கூடை, சாப்பாட்டுத் துணி போர்த்தியது. ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டிருந்தாள்.

அடிக்கல்லை நாலு பேர் கடப்பாரை கொடுத்துப் புரட்டினார்கள். அடியில் கறுத்த மண், உள்ளங்கை மாதிரி வழவழப்பாக. ஃபெஸ்டி முட்டிபோட்டார். கரண்டி இரண்டு இழுப்பு இழுத்து நின்றது.

"மிஸ்."

தூரிகையால் தட்டினார்கள். பச்சை பிடித்த ஒரு வட்டம், சட்டைப் பட்டனை விடக் கொஞ்சம் பெரியது. மிஸ் கின்செல்லா ஈரப் பஞ்சால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுடைய தோள் தளர்ந்தது.

"அடடா," என்றாள். "போச்சு. ஆயிரம் வருஷம்னு நெனச்சோம், பாருங்க. இது நற்கருணை மாநாட்டுப் பதக்கம். எங்கம்மா கிட்டயும் ஒண்ணு இருந்தது. வருஷம் போட்டிருக்கு."

"மேலேருந்து இடுக்கு வழியா விழுந்திருக்கும்," என்றார் கோல்மன். குரல் சரியாகத்தான் வந்தது. "சாந்து இல்லாத சுவர். எலி இழுத்துட்டுப் போகும், முயல் இழுத்துட்டுப் போகும்."

"மேலேருந்து விழுந்தா கல்லு மேல கிடக்கும், மிஸ்டர் ட்ரோனி. இது கல்லுக்கு அடியில, மண்ணுல அழுந்தி, நசுங்கிக் கிடக்கு. கல்லோட அடிப்பக்கம் பாருங்க, பச்சையா அச்சு விழுந்திருக்கு. இது கிடந்ததுக்கு அப்புறம்தான் கல்லு வந்திருக்கு." அவளுக்கு இது எதன் நடுவில் பேசப்படுகிறது என்று தெரியாது. பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். "கல்லு கோட்டைக் கல்லுதான், அதான் நானும் ஏமாந்தேன். பரவாயில்ல. இருபதாம் நூற்றாண்டு வேலிச்சுவர்னு ஒரு வரி எழுதிட்டு மூடிடலாம்."

ஃபெஸ்டி மெல்ல எழுந்தார். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. அவள் கையிலிருந்து பதக்கத்தை வாங்கிக்கொண்டு கோல்மனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மச்சான்," என்றார். நாற்பத்துமூன்று வருஷத்தில் முதல் வார்த்தை. "எனக்குக் கண்ணு மங்கல். நீ கண்ணாடி போட்டிருக்க. இதுல என்ன வருஷம்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்."

கோல்மன் படிக்கவில்லை.

"சரி, என் தங்கச்சி படிக்கட்டும். பள்ளிக்கூடத்துல அவதான் நல்லாப் படிப்பா."

டீலியா வாங்கிப் பார்த்தாள். ரொட்டிக் கூடை இன்னொரு கையில் இருந்தது. படித்தாள். உதடு எண்களாக அசைந்தது. பிறகு பதக்கத்தை மிஸ் கின்செல்லாவிடம் கொடுத்து, "இது உங்க சாமான், பத்திரமா வெச்சுக்கங்க மிஸ்," என்று சொல்லிவிட்டு, கூடையை ஒரு மாணவியிடம் தந்து, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

"எனக்கு மேய்ச்சல் வேண்டாம், ட்ரோனி," என்றார் ஃபெஸ்டி, எல்லோரும் கேட்கும்படி. "என்கிட்ட மாடு கிடையாது, பின்னால வர்றதுக்கு ஆளும் கிடையாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் கேட்டுல நின்னு ஒரு வார்த்தை சொல்லு. பார்ட்லி லினேன் பொய் சொல்லலன்னு. நாலு சொல்லு, அவ்வளவுதான். மூச்சுகூட வாங்காது."

"என் நிலத்துல நின்னுக்கிட்டு எனக்கு உத்தரவு போடாதே," என்றார் கோல்மன்.

"உன் நிலம்!" என்றார் ஃபெஸ்டி. அதற்கு மேல் சிரிக்கவும் அவருக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்தபோது டீலியா மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தொப்பியைக் கழற்றவில்லை. அடுப்பு அணைந்திருந்தது. அந்த வீட்டில் அடுப்பு அணைந்து கோல்மன் பார்த்ததில்லை.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

மலையிறங்குகிற முக்கால் மணி நேரமும் அவர் இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்திருந்தார். அப்பாவுக்கு ஊரில் நல்ல கல்லறை, கல்லில் வெட்டிய பெயர். வருஷா வருஷம் அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வது கோல்மன்தான். அந்தப் பெயரில் ஒரு தூசி படவிட்டதில்லை.

"அப்பா பண்ணினது," என்றார். "எனக்குத் தெரியாது."

டீலியா அவர் முகத்தையே பார்த்தாள்.

"நான் கீழ வயல்ல இருந்தேன். அவரு தனியா மேலே போவாரு. சுவர் இருந்துச்சுன்னாரு, நான் நம்பினேன். அப்பா சொல்றதை நம்பாம யாரை நம்பறது? அவரு சொன்னதையே நானும் கோர்ட்டுல சொன்னேன்."

"ஆஸ்டின் ட்ரோனி தனியாக் கட்டினாரு."

"ஆமா."

"நாலு பேர் சேர்ந்து புரட்டின கல்லை."

"அந்தக் காலத்து ஆளுங்க பலசாலிங்க."

"கோல்மன்," என்றாள் டீலியா, மிகவும் மெதுவாக. "உங்கப்பா அந்த மாநாட்டுக்குப் போகல. பசு கன்னு போடுற சமயம். இந்த ஊர்லேருந்து போனது நாலு பேர். ரெண்டு சிஸ்டரு, வாத்தியார், நீ. நாம பழகின புதுசுல உன் பதக்கம் எங்கன்னு கேட்டேன். உங்கம்மா சவப்பெட்டிக்குள்ள, அவங்க கையில வெச்சு அனுப்பிட்டேன்னு சொன்னே. எவ்வளவு நல்ல புள்ளைன்னு நான் அழுதேன். அன்னிக்குத்தான் உன்னைக் கட்டிக்கிறதுன்னு முடிவு பண்ணேன். தெரியுமா உனக்கு?"

வெளியே கன்று தண்ணீருக்குக் கத்தியது. இருவரும் எழவில்லை.

"இப்ப உங்கப்பாவையும் வித்துட்ட," என்றாள் டீலியா. "எதுக்கு? ராத்திரிச் சாப்பாட்டுக்கா?"

அவரிடம் இனி பழி போடுவதற்கு எந்தப் பெயரும் மிச்சமில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால், அதைத்தான் அவளே சொல்லி முடித்துவிட்டாளே.

வியாழன், வெள்ளி, சனி, டீலியா சமைத்தாள். தட்டு வைத்தாள், எடுத்தாள். பேச்சு இல்லை. படுக்கையை மகன்கள் இருந்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். மூன்று மகன்களும் பாஸ்டனில் இருந்தார்கள். யாருக்காக அந்த நாற்பது ஏக்கர் என்று அந்த மூன்று நாளில் கோல்மன் முதல் தடவையாகத் தன்னையே கேட்டுக்கொண்டார். பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஞாயிறன்று சவரம் செய்துகொண்டு, கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, எப்போதும் உட்கார்கிற முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். டீலியா பின்னால் ஃபெஸ்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோயில் முழுக்க அதைப் பார்த்தது.

பூசை முடிந்ததும் ஆண்கள் கேட்டருகே நின்று பேசுவது வழக்கம். ஏலம் அறிவிக்கிறவனும் ஓட்டுக் கேட்கிறவனும் ஏறி நிற்க அங்கே ஒரு கல்படி உண்டு. கோல்மன் படிக்கருகில் போய் நின்றார். ஏறுவார் என்று ஃபெஸ்டி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கோல்மன் ஏறவில்லை. தெருவுக்கு அப்பால் இருந்த ஒரு மரத்தின் உச்சியைப் பார்த்தபடி நின்றார்.

டீலியா ஏறினாள். அந்தப் படியில் ஒரு பெண் ஏறி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"எல்லாரும் கேளுங்க. எங்கப்பா பார்ட்லி லினேன் பொய்ச்சத்தியம் பண்ணல. கஹர்பான் சுவரை அவரு ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எங்க மாமனாரும் என் வீட்டுக்காரரும் கட்டினாங்க. ரெண்டு பேரும் கோர்ட்டுல பொய் சொன்னாங்க. நான் அதை நம்பி எங்கப்பாவைப் பாக்காமலே சாகவிட்டேன். அவ்வளவுதான்."

ஆண்கள் தொப்பிகளைச் சரிசெய்தார்கள். எண்பது தாண்டிய பேக்கி நெஸ்டர்தான், ஊன்றுகோலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார்.

"அது எங்களுக்குத் தெரியும், டீலியாம்மா."

"என்ன தெரியும்?"

"ஆஸ்டின் கட்டின சுவர்னு. பாத்தவுடனே தெரியுமேம்மா. அவரு கை அப்படி. ரெண்டு வரிசைக்கு ஒரு நீளக்கல்லைக் குறுக்க உள்ள குத்தி வெப்பாரு, இந்த ஊர்ல வேற யாரும் அப்படி வெக்கிறதில்ல. எதிர்ப்பக்கம் இடக்கைக்காரன் ஒருத்தன் வெச்சிருக்கான், இடுக்குல செருகுற சிம்புக்கல்லெல்லாம் தப்புப் பக்கம் சாஞ்சிருக்கும். உன் வீட்டுக்காரன் இடக்கைக்காரன்தானே? நீதிபதி டவுன்காரரு, பாசியைப் பாத்தாரு. நாங்க கல்லு அடுக்கறவங்க."

"தெரியுமா?" டீலியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எல்லாருக்குமா?"

ஒருவர்கூட 'இல்லை' என்று சொல்லவில்லை.

"அப்ப கோர்ட்டுல ஏன் வாயைத் தொறக்கல?"

"ஆஸ்டின் கிட்டத்தான் நல்ல காளை இருந்துச்சு," என்றார் பேக்கி, கொஞ்சம் யோசித்து. "குதிரையும் இருந்துச்சு. உழவுக்கு எல்லாரும் அங்கதான் போய் நிக்கணும். உங்கப்பா வந்தாரும்மா, வரலன்னு சொல்ல மாட்டேன். ஊன்றுகோலோட வீடு வீடா வந்து கேட்டாரு. நாங்க உள்ள இருந்தோம். எங்கப்பா கதவைத் தொறக்க வேணாம்னுட்டாரு."

"அப்புறம் பொய்ச்சத்தியம்னு பேரு வெச்சது?"

"அது சும்மா சிரிப்புக்கு."

ஃபெஸ்டி கையிலிருந்த தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். நாற்பத்துமூன்று வருஷமாகக் கேட்க நினைத்த வார்த்தையைக் கேட்டாயிற்று. அவர் முகத்தில் அதற்கான எதுவும் இல்லை. படியிலிருந்து இறங்கத் தங்கைக்குக் கை கொடுத்தார். இருவரும் தெருவில் லினேன் வீட்டுப் பக்கமாக, மேட்டை நோக்கி நடந்தார்கள். டீலியாவுக்குச் செருப்பு கடித்தது போல. ஒரு இடத்தில் நின்று, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கேட்டருகே பேச்சு மெதுவாக மழைக்குத் திரும்பியது. கிழக்கே ஏதோ ஊரில் நாலு தூறல் விழுந்ததாம். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கலைகிறவர்கள் கோல்மனைத் தாண்டும்போது ஒரு விரலைத் தொப்பி விளிம்புக்குக் கொண்டுபோய்ப் பெயர் சொல்லி, "நல்ல நாள், கோல்மன்," என்றார்கள். குரலில் குத்தல் இல்லை, கேலி இல்லை. எப்போதும் செய்கிற அதே மரியாதை. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அதுதான் அவருக்கு நெஞ்சில் இறங்கியது. அவர் காத்துவந்த பெயரை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அது அவரிடம் ஒருநாளும் இருந்ததே இல்லை.

தெரு காலியாகும் வரைக்கும் படிக்குப் பக்கத்தில் நின்றார், முதுகு வளையாமல். வேறு எப்படி நிற்பதென்று அவருக்குத் தெரியாது.